குழந்தையோடு படிக்க இளவேனில் படப் புத்தகங்கள்: தேர்ந்தெடுக்கும் வழி

சிறு குழந்தைக்குப் பருவங்களை அறிமுகப்படுத்தப் படப் புத்தகத்தைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் முதன்முறையாகப் புத்தகக் கடைக்குப் போகும் பெற்றோரும், மழலையர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களும், தெரு நூலகத்தில் கதை படிக்க முன்வரும் இளைஞர்களும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். வசந்தம் பற்றிய புத்தகம் வேண்டும் என்று கேட்டால் கையில் வந்து விழுபவை பெரும்பாலும் பனி உருகும் கதைகள். கரைந்துபோகும் பனிமனிதன், மண்ணைப் பிளந்து வரும் டியூலிப், மழைக்கோட்டு போட்ட முயல். படங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் திருச்சியிலோ தூத்துக்குடியிலோ வளரும் மூன்று வயதுக் குழந்தை அந்தப் பக்கங்களை மூடிவிட்டுத் தெருவுக்கு வந்தால், அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

இளவேனில் புத்தகத்தைத் தேடும் வேலை கடையில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது என்பதே என் உறுதியான எண்ணம். புத்தகத்தில் பார்த்ததைக் குழந்தை மரத்தில் தேட வேண்டும். மரத்தில் பார்த்ததைப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இந்தப் போக்குவரத்து நடக்கும் புத்தகம்தான் அந்தப் பருவத்துக்கு ஏற்ற புத்தகம். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: தெருவைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள்

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த தமிழ் மரபு சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கிறது. மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. மாசி, பங்குனியிலேயே அரசமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத் தளிரோடு நிற்கும். புங்கை மரத்தடியில் ஒரு வாரம் சருகு குவியும். அடுத்த சில வாரங்களில் அதே கிளைகளில் மினுமினுக்கும் இளம்பச்சை இலையும், வெள்ளையில் ஊதா கலந்த பூவும் வந்துவிடும். வெளிநாட்டுப் படப் புத்தகங்களில் இலை உதிர்வதற்கு ஒரு பருவம், துளிர்ப்பதற்கு அரை ஆண்டு கழித்து இன்னொரு பருவம். நம் சமவெளிகளில் பல மரங்களுக்கு இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாகச் சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

ஒரு மாலை குழந்தையையும் கூட்டிக்கொண்டு நான்கு தெரு நடந்துவிட்டு வாருங்கள். கண்ணில் படுவதை ஒரு தாளில் எழுதுங்கள். வேப்பமரத்தில் தேன் மணக்கும் சிறு வெள்ளைப் பூ, மாமரத்தில் பிஞ்சு, சித்திரையில் சரஞ்சரமாகத் தொங்கும் மஞ்சள் கொன்றை, விடியற்காலையில் விடாமல் கூவும் குயில், தள்ளுவண்டியில் நுங்கு, கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு. மலையோரமாக இருந்தால் இலையே இல்லாத கிளைகளில் சிவப்பாகப் பூத்து நிற்கும் முள்ளிலவ மரமும் பட்டியலில் சேரும். ஐந்தாறு பெயர் போதும். கடைக்கோ நூலகத்துக்கோ போகும்போது இந்தத் தாள் கையில் இருக்கட்டும். ‘வசந்தம்’ என்ற தலைப்பைத் தேடாமல் ‘வேப்பமரம்’, ‘மாம்பழம்’, ‘குயில்’, ‘வெயில்’, ‘விதை’ என்று தேடினால் கிடைக்கும் புத்தகங்கள் முற்றிலும் வேறாக இருக்கும். அட்டையில் பருவத்தின் பெயரே இல்லாத புத்தகம் அந்தப் பருவத்தை மிக நன்றாகக் காட்டக்கூடும்.

வெளிநாடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே விதிதான். டொரன்டோவில் பனி உருகுவதுதான் வாசலில் நடப்பது. அங்கே பனிக் கதையை எடுங்கள். சிட்னியில் வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது. ஏப்ரல் மாதத்துக்கென்று பரிந்துரைக்கப்படும் பட்டியலை அப்படியே பின்பற்றினால் குழந்தை இலையுதிர்காலத்தில் பூக்கதை படித்துக்கொண்டிருக்கும். இலங்கையில் குயிலின் குரலும் முள்முருக்கின் சிவப்புப் பூவும் சித்திரைப் புத்தாண்டின் அறிகுறிகள்; அங்கே உள்ளவர்களுக்கு இந்த இரண்டையும் காட்டும் புத்தகம் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம்.

இரண்டாம் படி: வயதுக்கு ஏற்ற வடிவம்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் தடித்த அட்டைப் புத்தகம். கடித்தாலும் கிழியாது, முனைகள் வளைவாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சொல். இரண்டு முதல் மூன்றரை வயது வரை ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம்; அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தால் நல்லது, குழந்தை சேர்ந்து சொல்லத் தொடங்கும். நான்கு வயதுக்கு மேல் ஒரு சிறிய கதை, ஒரு காத்திருப்பு, கடைசியில் ஒரு திருப்பம் என்று போகலாம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் தகவல் புத்தகங்களையும் ஆவலோடு கேட்பார்கள். கதை மட்டும்தான் பிடிக்கும் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது.

பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனையையும் மரத்தையும் கூர்ந்து பார்த்து வளர்ந்த மூன்று வயதுக் குழந்தை, ஐந்து வயதுக்கு என்று போட்ட புத்தகத்தின் படங்களோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாம் படி: கடையில் நின்றே சோதித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு படப் புத்தகத்தை முழுவதும் படித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடையிலேயே செலவழியுங்கள். பெரும்பாலான படப் புத்தகங்கள் 24 அல்லது 32 பக்கங்கள்தான். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டுவதால் பக்க எண்ணிக்கை பெரும்பாலும் எட்டின் மடங்காக அமைகிறது. அந்தக் குறுகிய இடத்துக்குள் எழுத்தாளரும் ஓவியரும் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே ஓர் இன்பம்.

முதலில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தபடி கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். படிக்கத் தெரியாத குழந்தை அப்படித்தான் புத்தகத்தைப் பார்க்கப் போகிறது. கதையில் என்ன நடக்கிறது என்று படங்களே ஓரளவு சொல்லிவிடுகின்றனவா? எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் ஒளிந்திருக்கிறதா? ஒரு மூலையில் எறும்பு வரிசை, ஒவ்வொரு பக்கத்திலும் இடம் மாறும் ஓணான், கதையில் யாருமே கவனிக்காத ஒரு காக்கைக் கூடு. இப்படி ஒன்றிருந்தால் அந்தப் புத்தகம் பத்து முறை படித்தாலும் சலிக்காது. எழுத்தில் ‘மரத்தில் குருவி’ என்றும் படத்தில் மரத்தில் ஒரு குருவி மட்டும் என்றும் இருந்தால், இரண்டாம் முறையே குழந்தை பக்கத்தை வேகமாகத் தள்ளிவிடும்.

அடுத்து, பக்கம் திருப்பும் இடங்களைப் பாருங்கள். இளவேனில் கதைகளில் இது மிக முக்கியம், ஏனென்றால் அவை பெரும்பாலும் காத்திருப்பைப் பற்றியவை. விதை ஊன்றியாயிற்று, நீர் ஊற்றியாயிற்று, இன்னும் ஒன்றும் வரவில்லை. அந்த ‘இன்னும் ஒன்றும் வரவில்லை’ வலப்பக்கத்தின் கடைசியில் இருந்து, தாளைத் திருப்பினால் முளை தெரிந்தால், குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் கையைப் பார்க்கும். அதே முளையை எதிர்ப்பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால் அந்த இன்பம் போய்விடுகிறது. கதையை எழுதியவருக்குக் குழந்தைகளைத் தெரியுமா என்பதை இந்த ஓர் இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு அட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். நல்ல பதிப்பாளர்கள் அதை வெறுமையாக விடுவதில்லை. முன் உட்பக்கத்தில் காய்ந்த கிளை, பின் உட்பக்கத்தில் அதே கிளை பூத்திருப்பது என்று அங்கேயே ஒரு சிறு கதை இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நான்கு வயதுக் குழந்தைக்கு மிகவும் பிடித்த விளையாட்டு.

பலரோடு சேர்ந்து படிக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு சோதனை உண்டு. புத்தகத்தை விரித்து அலமாரியில் சாய்த்துவிட்டு ஏழெட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். முக்கியமான உருவம் அங்கிருந்து தெரிகிறதா? முகமோ பூவோ நடு மடிப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதா? சில அருமையான புத்தகங்களில் நுணுக்கமான கோடுகளால் நிரம்பிய படங்கள் இருக்கும். அவை மடியில் ஒரே ஒரு குழந்தையை வைத்துப் படிக்க உகந்தவை, வகுப்பறைக்கு உகந்தவை அல்ல. இரண்டு வகையும் வேண்டும். எது எதற்கு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கடைசியாக, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கடையில் யார் பார்த்தாலும் பரவாயில்லை. மூச்சு முட்டாமல், நாக்கு தடுக்காமல் வருகிறதா என்று பாருங்கள். இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

நான்காம் படி: இயற்கையைச் சரியாக வரைந்திருக்கிறார்களா?

முயல் சட்டை போட்டுக்கொண்டு பேசினால் அது கற்பனை; குழந்தைக்கும் அது தெரியும். ஆனால் இது உண்மை என்ற தோரணையில் பேசும் புத்தகம் தவறாகச் சொல்லக் கூடாது. எளிதாகச் சரிபார்க்கக்கூடிய சில இடங்கள் இவை.

குயில் கூடு கட்டாது. காக்கையின் கூட்டில் முட்டையிடும். ஆகவே தன் கூட்டில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும் தாய்க்குயில் படம் இருந்தால் ஓவியர் குயிலைக் கவனித்ததில்லை என்று பொருள். ஆண் குயில் பளபளப்பான கருப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளோடு இருக்கும். நாம் கேட்கும் அந்த உயர்ந்துகொண்டே போகும் கூவல் ஆணுடையது. இரண்டையும் வேறுபடுத்தி வரைந்த ஒரு புத்தகத்தைக் கண்டால் தயங்காமல் வாங்குங்கள்.

தூக்கணாங்குருவி கூடு பின்னுவது பெரும்பாலும் மழையை ஒட்டிய மாதங்களில். தவளைகள் கூட்டமாகக் கத்துவதும் நம் ஊரில் மழைக்காலத்தில். மயில் தோகை விரித்தாடுவதும் மழையோடு சேர்ந்த காட்சி. இவற்றையெல்லாம் ஒரே வசந்தப் பக்கத்தில் திணித்திருந்தால், வேறு நாட்டுப் புத்தகத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டு பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பூச்சிகளுக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் உருவாக்கப்பட்ட மலிவான புத்தகங்களில் இந்தக் கணக்கு அடிக்கடி தவறுகிறது.

வண்ணத்துப்பூச்சிக் கதைகளில் ஒரு தனிக் குழப்பம் உண்டு. நூலால் கூடு நெய்பவை பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியின் புழு அப்படி நெய்வதில்லை. கடைசித் தோலை உரித்துவிட்டுக் கடினமான மேலுறையுள்ள கூட்டுப்புழுவாகத் தொங்கும். உலகப் புகழ்பெற்ற ‘தி வெரி ஹங்க்ரி கேட்டர்பில்லர்’ புத்தகத்திலேயே, எரிக் கார்ல் தன் புழுவை நூல் கூட்டிலிருந்துதான் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரவைக்கிறார். 1969-இல் வந்த அந்தப் புத்தகத்தை இதற்காக ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை இரண்டு என்று பழங்களைத் துளைத்துக்கொண்டு போகும் புழுவின் ஓட்டையில் குழந்தை தன் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சி ஈடற்றது. அந்தத் துளைகளைக் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட அமெரிக்காவில் வழியில்லாமல் முதல் பதிப்பை ஜப்பானில் அச்சிட்டார்கள். அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் கறிவேப்பிலைச் செடியில் உண்மையான புழு எப்படி மாறுகிறது என்று காட்டுங்கள். பிழை தானாகச் சரியாகிவிடும். ஆனால் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி என்றே தலைப்பிட்ட ஒரு தகவல் புத்தகம் இதே தவறைச் செய்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பனி உருகும் கதைகளை என்ன செய்வது?

வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. தான் பார்க்காத ஊரைப் புத்தகத்தில் பார்ப்பதும் குழந்தையின் உரிமை. வரிசைதான் முக்கியம். தன் தெருவின் பருவத்தைப் பற்றி மூன்று நான்கு புத்தகங்கள் படித்த பிறகு, தூரத்து ஊரின் பருவத்தைப் பற்றி ஒன்று. ‘அங்கே இப்படி, இங்கே இப்படி’ என்று குழந்தையே ஒப்பிடும். வரிசையைத் தலைகீழாக மாற்றினால், வசந்தம் என்பது எங்கோ வேறிடத்தில் நடப்பது, நமக்கு வெயில் மட்டும்தான் என்ற எண்ணம் படிந்துவிடும். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். கொன்றை பூத்துக் குலுங்கும் தெருவில் நின்றுகொண்டு ஒரு குழந்தை டியூலிப்பை மட்டும் வரைவதைக் காண நேர்ந்தால் தவறு நம்முடையது.

வெளிநாட்டுப் புத்தகங்களிலும் எந்த ஊருக்கும் பொருந்துபவை உண்டு. ரூத் க்ராஸ் எழுதி, க்ராக்கெட் ஜான்சன் வரைந்து 1945-இல் வெளிவந்த ‘தி கேரட் சீட்’ அப்படிப்பட்டது. ஒரு சிறுவன் விதை ஊன்றுகிறான். முளைக்காது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவன் களை எடுத்து, நீர் ஊற்றிக் காத்திருக்கிறான். பனியும் இல்லை, டியூலிப்பும் இல்லை. பக்கத்துக்கு ஒரே வாக்கியம் என்பதால் படித்துக்கொண்டே தமிழில் சொல்லிவிடலாம். ஜூலி ஃபோக்லியானோ எழுதி எரின் ஸ்டெட் வரைந்த ‘அண்ட் தென் இட்ஸ் ஸ்பிரிங்’ என்ற 2012 புத்தகம், எங்கும் பழுப்பாகக் கிடக்கும் நிலம் பச்சையாக மாறுவதற்காகக் காத்திருக்கும் ஒரு சிறுவனைக் காட்டுகிறது. காத்திருக்கும் பக்கங்களில் எழுத்து குறைவு, படத்தில் பார்ப்பதற்கு நிறைய. கோடையில் காய்ந்து கிடக்கும் நிலத்தையும் முதல் மழைக்குப் பிந்தைய பச்சையையும் பார்த்த நம் குழந்தைகளுக்கு அந்த மாற்றம் அந்நியமாக இருக்காது.

பாஸ்டன் பக்கம் வாழ்பவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. ராபர்ட் மெக்லாஸ்கியின் ‘மேக் வே ஃபார் டக்லிங்ஸ்’ 1941-இல் அந்த நகரத்துப் பொதுப் பூங்காவை வைத்தே வரையப்பட்டது. தாய் வாத்துக்கும் எட்டுக் குஞ்சுகளுக்கும் அந்தப் பூங்காவிலேயே வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. படித்துவிட்டு நேரே அங்கே போகலாம். நம் ஊர்ப் பூங்காவைக் கதைக்களமாக்கிய இப்படிப்பட்ட புத்தகங்கள் இன்னும் நிறைய வர வேண்டும்.

வட இந்தியாவிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டு வரும் புத்தகங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். மஞ்சள் கடுகு வயலும் ஹோலி வண்ணங்களும் நிறைந்த வசந்தம் அவர்களுக்கு வாசலில் நடப்பது. நமக்கு அது வட மாநிலங்களை அறியும் வாய்ப்பு. பண்டிகையை மட்டும் காட்டி, பருவத்தையே காட்டாத புத்தகங்களும் நிறைய உண்டு. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் ஏன் வேப்பம்பூ விழுகிறது என்பதற்கு, அந்த நேரத்தில்தான் மாங்காய் காய்த்திருக்கிறது, வேம்பு பூத்திருக்கிறது என்ற விடை கதைக்குள் எங்காவது இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தமிழ் வாக்கியம் வாய்க்கு வருகிறதா?

தமிழில் கிடைக்கும் படப் புத்தகங்களில் கணிசமானவை மொழிபெயர்ப்புகள். நல்ல மொழிபெயர்ப்பு நல்ல புத்தகமே. ஆனால் சிலவற்றில் படத்துக்குக் கீழே நான்கு வரிக்கு நீளும் ஒரே வாக்கியம் இருக்கும். குழந்தை இதுவரை கேட்டிராத வடிவத்தில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். குழந்தைக்கான தமிழில் ஓசை இருக்க வேண்டும். சலசல, கிசுகிசு, படபட, பளபள என்று இரட்டித்து வரும் சொற்கள் நம் மொழியின் பெரிய செல்வம். காற்றும் இலையும் பறவையும் நிறைந்த இளவேனில் புத்தகத்தில் இவற்றுக்கு இடமில்லை என்றால், அதை எழுதியவர் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

புத்தகத்தின் தமிழ் கடினமாக இருந்து, படங்கள் மிகச் சிறப்பாக இருந்தால்? வாங்குங்கள். படித்துக் காட்டும்போது உங்கள் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லுங்கள். இரண்டு மொழிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்களில் ஒரே அமர்வில் இரண்டையும் படிக்காதீர்கள். கதை நகராமல் நின்றுவிடும். ஒரு நாள் தமிழ், இன்னொரு நாள் ஆங்கிலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: எங்கே தேடுவது?

சென்னையில் இயங்கும் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படப் புத்தகங்கள் வெளியிட்டுவருகிறது. இரு மொழிப் பதிப்புகளும் உண்டு. அதே நகரில் இருக்கும் தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து உருவாக்கும் புத்தகங்களுக்குப் பெயர்பெற்றது. கோண்டு ஓவியர்கள் மூவர் மரங்களைக் கருங்காகிதத்தில் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ அவற்றில் ஒன்று. கையாலேயே அச்சிடப்படுவதால் விலை சற்று அதிகம். நூலகத்தில் பார்க்க முடிந்தால் தவறவிடாதீர்கள். பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வெளியீடுகளும் நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களும் குறைந்த விலையில் கிடைப்பவை.

பணம் செலவழிக்காமல் தொடங்க விரும்புபவர்களுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வாசிப்புத் திறனை வைத்து நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதல் இரண்டு நிலைகள் போதும். தெரு நூலகம் நடத்துபவர்கள் ஐந்தாறு கதைகளை அச்சிட்டுத் தைத்து வைத்துக்கொண்டால் ஒரு பருவம் ஓடிவிடும். கைபேசித் திரையில் காட்டிப் படிப்பதைவிடத் தாளில் படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். குழந்தை பின்னோக்கிப் புரட்ட வேண்டும், பூவைத் தடவ வேண்டும்.

சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன் அங்கே குழந்தையோடு ஒரு முற்பகல் இருந்து பாருங்கள். எந்த ஓவியரின் பக்கத்தில் குழந்தை நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி இளவேனிலுக்குச் சில மாதங்கள் முன்னதாக வருவது வசதி. உங்கள் பட்டியலைப் போன ஆண்டுப் பங்குனியிலேயே எழுதி வைத்திருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். டொரன்டோ பொது நூலகத்திலும் சிங்கப்பூரின் பொது நூலகங்களிலும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இருக்கின்றன. ஏப்ரல் 2 உலகச் சிறுவர் நூல் தினம், ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். இந்த நாள்களை ஒட்டிப் பல இடங்களில் கதை நிகழ்ச்சிகள் நடக்கும், விசாரித்துப் பாருங்கள்.

எத்தனை வாங்குவது? ஒரு பருவத்துக்கு நான்கு போதும். தன் தெருவைக் காட்டும் கதை இரண்டு, தகவல் புத்தகம் ஒன்று, தூரத்து ஊரைக் காட்டுவது ஒன்று.

எட்டாம் படி: சேர்ந்து படிப்பது

படிப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிடுங்கள். பிறகு அட்டையிலிருந்து தொடங்குங்கள். எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சொல்லுங்கள். குழந்தை குறுக்கே பேசினால் நிறுத்துங்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, பெரியவர் படித்துக்கொண்டே போவதைவிட, கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவைத்துப் படிக்கும்போது குழந்தையின் மொழி வளர்ச்சி கூடுவதைக் காட்டியது. ‘இது என்ன நிறம்?’ என்ற கேள்வி ஒரு சொல்லோடு முடிந்துவிடும். ‘இந்த மரத்துக்கு என்ன ஆயிற்று?’, ‘காக்கை இப்போது என்ன செய்யும்?’ என்று கேட்டால் குழந்தை வாக்கியமாகப் பேசும். சொன்ன பதிலோடு நீங்கள் இன்னொரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ‘பூ’ என்றால் ‘ஆமாம், மஞ்சள் கொன்றைப் பூ’ என்று.

பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்கவும் வேண்டாம். அது பரீட்சை ஆகிவிடும். முதல் முறை கதைக்காக மட்டும், அடுத்தடுத்த முறைகளில் பேச்சுக்காக. அதே புத்தகத்தை நாளையும் கேட்டால் நாளையும் படியுங்கள்.

ஒன்பதாம் படி: புத்தகத்திலிருந்து மரத்துக்கு

படித்த அன்றோ மறுநாளோ வெளியே போங்கள். சித்திரை வெயில் கடுமையானது. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கீழே விழுந்த பூவையும் தளிரையும் மட்டும் பொறுக்கலாம் என்பது விதி. அரளியைத் தொட வேண்டாம், எருக்கின் பாலும் கண்ணில் படக் கூடாது, இரண்டும் நஞ்சு. மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியையும் தூர நின்றுதான் பார்க்க வேண்டும்.

விதைக் கதை படித்தவர்கள் ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போடுங்கள். ஓரிரு நாளில் முளை தெரியும். சிறு குழந்தையின் பொறுமைக்கு அதுதான் சரியான அளவு. அவரை, பூசணி போன்றவற்றை ஐந்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். புழுக் கதை படித்தவர்களுக்கு எலுமிச்சையோ கறிவேப்பிலையோ ஒரு தொட்டிச் செடி போதும். பூச்சிமருந்து அடிக்காமல் விட்டால் வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்து முட்டையிட வாய்ப்பு அதிகம். முதலில் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அந்த நிறமாற்றத்தைப் பற்றிக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் குழந்தையே வரையட்டும்; நீங்கள் தேதியை மட்டும் எழுதுங்கள். வேம்பு பூத்த நாள், முதல் குயில் கூவிய நாள், புழு நிறம் மாறிய நாள். அடுத்த மாசியில் புத்தகம் தேடத் தொடங்கும்போது, முதல் படியில் சொன்ன தாளுக்குப் பதிலாக அந்த நோட்டைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.